மூக்குத்திக்குச் சரி, கையில் கட்டும் கயிற்றுக்கு ஏன் கூடாது?

கேள்வி இதுதான்: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு "பள்ளிகளில் உடைக் கட்டுப்பாடு தேவையா?" என்று ஒரு வாதக் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். அவளும் எழுதிவிட்டாள். படித்துப் பார்த்த அப்பா, "தப்பு எதுவும் இல்லை, ஆனால் எனக்கே கொட்டாவி வருகிறது, யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கிற மாதிரி இல்லையே, எங்கே கோளாறு?" என்று கேட்டு, முதல் பத்தியையும் போட்டிருக்கிறார்: "சீருடை ஏழை, பணக்காரன் என்ற வேற்றுமையை ஒழிக்கிறது. அதே சமயம் மாணவர்களின் தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கிறது. ஒரு நாணயத்துக்கு இரண்டு பக்கங்கள் இருப்பதைப் போல..."

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், இந்தப் பத்தியை எனக்கு மனப்பாடமாகவே தெரியும். பதினாறு வருடமாகப் பள்ளிக் கட்டுரைப் போட்டிகளுக்கும் பேச்சுப் போட்டிகளுக்கும் நடுவராகப் போகிறேன், வருடத்துக்கு இரண்டு தடவையாவது இந்தத் தலைப்பு வந்துவிடும், வந்தால் அந்த நாணயமும் கூடவே வந்துவிடும். உங்கள் மகள் மேல் தப்பில்லை. நம் பிள்ளைகளுக்கு வாதம் என்றாலே பட்டிமன்றம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் பேசும், கைதட்டல் விழும், நடுவர் சிரிக்க வைத்துத் தீர்ப்பு சொல்வார், எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மறுநாள் எந்த விதியும் மாறியிருக்காது, மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். வாதக் கட்டுரை அப்படி இல்லை, அதைப் படிக்கிறவர் கையில் "சரி" என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று முடிவு செய்யாமல் எழுதினால் யாரையும் தொடாது.

ஒன்று சொல்கிறேன். ஐந்தாறு வருடம் முன்பு ஒரு பெண்கள் பள்ளியில் இதே தலைப்பில் கட்டுரைப் போட்டி. நாற்பது தாள். முப்பத்தொன்பதில் நாணயம் இருந்தது. மிச்சம் ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதியது, தலைப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டு "மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு" என்று கடிதமாக ஆரம்பித்திருந்தாள். விஷயம் இரட்டை ஜடை. தெரியும்தானே, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, இரண்டாகப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். அவள் எழுதியது ஏறக்குறைய இப்படி: அம்மா அஞ்சே கால் பஸ்ஸில் மில் வேலைக்குப் போய்விடுகிறார். எனக்கும் தங்கைக்கும் நான்தான் பின்ன வேண்டும். இரண்டு தலை, நான்கு ஜடை, கடிகாரம் பார்த்தேன், முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. தலைக்குக் குளித்த நாளில் ஈரத்தோடு மடித்துக் கட்டினால் சாயங்காலம் அவிழ்க்கும்போது வாடை அடிக்கிறது. இந்த மாதம் ஏழு நாள் பிரேயருக்கு லேட், ஏழு நாளும் வெளியே நின்றேன், ஏழு நாளும் எனக்குப் போனது முதல் பீரியட் கணக்கு. முடி முகத்தில் விழக்கூடாது, பேன் பரவக்கூடாது என்றுதான் இந்த விதி என்று எங்களுக்குத் தெரியும். ஒற்றை ஜடை இறுக்கிப் பின்னினாலும் அது நடக்கும். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டுமாவது ஒற்றை ஜடைக்கு அனுமதி தாருங்கள்.

ஒரு பக்கம்கூட இல்லை. "சுதந்திரம்" என்ற சொல்லே கிடையாது. ஆனால் என்னவெல்லாம் செய்திருக்கிறாள் பாருங்கள். முடிவெடுக்கக்கூடிய ஒரே ஆளுக்கு எழுதியிருக்கிறாள். உடைக் கட்டுப்பாடு என்ற மலையை விட்டுவிட்டு ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த விதி எதற்காக வந்தது என்பதை ஹெச்.எம். சொல்வதற்கு முன்னால் தானே சொல்லி, அதை மதித்து, அந்தக் காரணம் கெடாமல் வேறு வழி காட்டியிருக்கிறாள். எண்கள் எல்லாம் அவள் வீட்டுக் கடிகாரத்தில் எடுத்தவை, யாரும் மறுக்க முடியாது. நான் முதல் பரிசு என்றேன். கூட இருந்த நடுவர், "இது கட்டுரையே இல்லை, லீவ் லெட்டர் மாதிரி இருக்கிறது" என்றார். அரை மணி நேரச் சண்டைக்கு அப்புறம் அவளுக்கு இரண்டாம் பரிசு. (முதல் பரிசு நாணயத்துக்குத்தான் போனது.) இரட்டை ஜடை விதி மாறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன், ஆனால் லேட்டாக வருகிறவர்களை முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்க வைப்பதை நிறுத்திவிட்டார்களாம். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று, இருந்தாலும் கணக்கு பீரியட் திரும்பக் கிடைத்தது.

ஒரு வீட்டுக் கடிதம் இதைவிடப் பெரிய வேலை செய்த கதையும் இருக்கிறது. அது நம் ஆட்கள் கதைதான், ஆனால் இங்கே பலருக்குத் தெரியாது. 1860ல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு நடாலுக்குக் கப்பல் ஏறியவர்களின் வழியில் வந்த தமிழர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நிறையப் பேர். 2004ல் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு பெண் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். சின்னத் தங்க மூக்குத்தி. பள்ளி விதிப்படி காதில் ஒரு சாதாரணத் தோடு, கைக்கடிகாரம், அவ்வளவுதான், மற்ற நகை கூடாது. கழற்று என்றார்கள்.

அவளுடைய அம்மா 2005 ஜனவரியில் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் தென்னிந்தியக் குடும்பம், பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம், ஒரு காலத்தில் அது கல்யாணத்துக்குத் தயார் என்பதற்கான அடையாளம், இப்போது எங்களுக்கு அது மகளைப் பொறுப்புள்ள பெண்ணாக மதிப்பதற்கான அடையாளம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி இந்தத் தங்கத்தை மாற்றி வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வாதம் செய்வார், இது ஃபேஷனுக்காகப் போட்டது இல்லை. சாரம் இவ்வளவுதான். கவனியுங்கள், "எங்கள் மதம் கட்டளையிடுகிறது" என்று அவர் எங்கேயும் புளுகவில்லை. பழைய அர்த்தம் இது, இன்றைக்கு எங்களுக்கு இது என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார். படிக்கிறவருக்கு அந்த வீடும் பாட்டியும் கண்ணில் தெரிகிறார்கள்.

பள்ளி ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் தரப்பும் லேசானது இல்லை: சேரும்போதே விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்று ஒப்புக்கொண்டுதானே சேர்த்தீர்கள், மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லை, பிடிக்காவிட்டால் இதை அனுமதிக்கிற வேறு பள்ளிக்குப் போகலாம். டர்பன் சமத்துவ நீதிமன்றம் பள்ளி பக்கம் நின்றது. 2006ல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2007 அக்டோபர் 5 அன்று அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பெண் அந்தப் பள்ளியிலேயே இல்லை. இருந்தாலும் இது எல்லாப் பள்ளிகளுக்குமான கேள்வி என்று எடுத்து, விதிவிலக்கு தராதது நியாயமற்ற பாகுபாடு என்றார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரால் "பிள்ளை (Pillay) வழக்கு" என்று சட்ட மாணவர்கள் இப்போதும் படிக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு அந்தத் தீர்ப்பில் மூன்று இடங்கள் உதவும். முதலாவது, தலைமை நீதிபதி பயஸ் லாங்கா சீருடையை எதிர்க்கவே இல்லை. சீருடையால் நல்லது உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஒரு மூக்குத்தியை விட்டால் அந்த நல்லதில் எது குறைகிறது என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பெண் மூக்குத்தியோடுதான் பள்ளிக்குப் போய் வந்தாள், ஒழுங்கு குலைந்தது என்று காட்டப் பள்ளியிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது, கட்டாயமான வழக்கத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்பதில்லை, மனதார விரும்பிச் செய்வதற்கும் உண்டு என்றார். மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. இதை விட்டால் நாளைக்கு ஒருத்தன் சடாமுடியோடு வருவான், இன்னொருத்தன் உடம்பெல்லாம் குத்திக்கொண்டு வருவான், அடுத்தவன் கோவணத்தோடு வருவான் என்று பயங்கரங்களின் அணிவகுப்பு ஒன்றைப் பள்ளித் தரப்பு ஓட்டிக் காட்டியது. எந்தப் பள்ளிக்கூடத்து வாக்குவாதத்திலும் இந்த அணிவகுப்பு வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லாங்கா அதை மறுத்ததோடு நிற்கவில்லை. இதுவரை பயந்து ஒளித்து வைத்திருந்த பிள்ளைகள் இனி வெளியே காட்டுவார்கள் என்றால் அது கொண்டாட வேண்டியது, பயப்பட வேண்டியதில்லை, இது பயங்கரங்களின் அணிவகுப்பு இல்லை, பன்மையின் திருவிழா என்றார். எதிராளி கொண்டுவந்த படத்தையே எடுத்துத் தலைகீழாக மாட்டிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார், பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது. இவ்வளவு நடந்ததில் அந்தப் பெண் ஒரு இடத்திலும் சாட்சி சொல்லவில்லை, அவள் வாயாலேயே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டார். ஆகவே சார், உங்கள் மகளுடைய கட்டுரையில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

நம் நாட்டில் இதே கேள்வி வேறு இடத்தில் முட்டி நின்றது. சீருடையோடு ஹிஜாப் போட்டு வகுப்புக்கு வரலாமா என்ற கர்நாடக வழக்கில், 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அது மதத்தின் இன்றியமையாத வழக்கமா என்று கேட்டு, இல்லை என்று முடித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஹேமந்த் குப்தா அரசின் உத்தரவு சரி என்றார். சுதான்ஷு தூலியா, மதத்துக்கு இன்றியமையாததா என்ற கேள்வியே இங்கே தேவையில்லை, அந்தப் பெண்ணின் படிப்பு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி என்றார். அதே உத்தரவு, அதே சீருடை, கேள்வி மாறியதும் பதிலும் மாறிவிட்டது. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதிலேயே பாதி வாதம் முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். மேலே சொன்னதையெல்லாம் உங்கள் மகள் அழகாக எழுதிவிடுவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நடுவராக இருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "மூக்குத்தி குடும்ப வழக்கம், அனுமதிக்கலாம் என்கிறாய். கையில் கலர் கயிறு கட்டுவதும் எங்கள் குடும்ப வழக்கம்தான் என்று ஒரு பையன் சொன்னால்?"

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: தென்மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் பையன்கள் கட்டும் கயிற்றின் நிறம்தான் சாதிக் கொடி. எந்த நிறம் யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று பார்த்தால் மணிக்கட்டுகளே கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடம் நான்கு செட் சீருடை இலவசமாகத் தருகிறோம், காரணம் நீங்கள் கட்டுரையில் பார்த்த அதே ஏழை, பணக்காரன் காரணம்தான். துணியில் மறைந்தது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் இடும் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இங்கே எழுத்து சம்பந்தமாக ஒரு பாடம் இருக்கிறது. அறிக்கை வந்ததும் எதிர்ப்பு எதன் மேல் விழுந்தது? கயிற்றின் மேலா? பெரும்பாலும் நெற்றிப் பொட்டின் மேல். "சாதிக் கயிறு இருக்கட்டும்" என்று வெளிப்படையாக வாதாடுவது கஷ்டம், "பிள்ளைகள் திருநீறு பூசக்கூடாதா?" என்று கேட்பது சுலபம். மூன்று பொருளை ஒரே வாக்கியத்தில் கட்டினால் எதிராளி அதில் எது பலவீனமோ அதை உருவிக்கொண்டு போய்விடுவான். அந்தப் பரிந்துரையின் நோக்கத்தோடு எனக்கு முழுக்க உடன்பாடு, ஆனால் கயிற்றைத் தனியாக நிறுத்தி, அதற்கான சாட்சியத்தை அதன் பக்கத்திலேயே வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். 2019லேயே கயிற்றைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போய், எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதைய அமைச்சர் பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். எழுதியதைக் காப்பாற்ற ஆள் வேண்டும், அது தனிக் கதை.

அப்போ மூக்குத்திக்கும் கயிற்றுக்கும் என்ன பதில்? "அது நல்லது, இது கெட்டது" என்றால் நிற்காது. இரண்டும் அடையாளம், இரண்டையும் குடும்பம்தான் கொடுக்கிறது, இரண்டுமே சின்னப் பொருள். வித்தியாசம், பக்கத்து பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்கு அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. டர்பனில் இரண்டு வருடம் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த எந்தப் பெண்ணும் அதனால் இடம் மாறி உட்கார்ந்ததாகப் பள்ளி காட்டவில்லை. இங்கே கயிறு கட்டாத பையனுக்கும் வேறு நிறம் கட்டியவனுக்கும் எங்கே உட்காரலாம், யாரோடு விளையாடலாம் என்பதை அந்தக் கயிறுதான் சொல்கிறது. மூக்குத்தி என் வீட்டைப் பற்றிச் சொல்கிறது. கயிறு உன்னையும் சேர்த்துப் பிரிக்கிறது.

அமெரிக்காவில் 1969ல் வந்த டிங்கர் தீர்ப்பின் அளவுகோலும் கிட்டத்தட்ட இதுதான். 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் வியட்நாம் போரை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் போனார்கள், இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஏழுக்கு இரண்டு என்று உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. படிப்புக்குக் கணிசமான இடையூறு, அல்லது மற்றவர்களின் உரிமைக்குக் குறுக்கீடு, இதில் ஒன்றைப் பள்ளி காட்ட வேண்டும், கலவரம் வந்துவிடுமோ என்ற பொதுவான பயம் போதாது என்றார்கள். டெமாய்னில் காட்ட ஒன்றும் இல்லை. நம் தென்மாவட்டங்களில் காட்ட அரிவாள் வெட்டே இருக்கிறது. கையில் கட்டிய துணி ஒன்றுக்குச் சரி என்றும் இன்னொன்றுக்குக் கூடாது என்றும் ஒரே அளவுகோலை வைத்துச் சொல்ல முடிகிறது என்றால் அவள் கட்டுரை நிற்கும்.

புள்ளிவிவரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தத் தலைப்பில் தேடினால் கலிஃபோர்னியாவின் லாங் பீச் கண்டிப்பாக வரும். 1994ல் அங்கே எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கினார்கள், பள்ளிக் குற்றங்கள் மளமளவென்று குறைந்தன, 1996ல் அதிபர் கிளின்டன் நாடாளுமன்ற உரையிலேயே சீருடையை ஆதரித்துப் பேசினார். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அதே சமயத்தில் அங்கே வேறு சீர்திருத்தங்களும் நடந்துகொண்டிருந்தன. 1998ல் பிரன்ஸ்மா, ராக்கெமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்களின் தேசிய அளவிலான தரவை எடுத்துப் பார்த்து, வருகை, நடத்தை, போதைப்பழக்கம் எதிலும் சீருடையால் நேரடி மாற்றம் இல்லை என்றார்கள். ஆகவே "சீருடை போட்டால் குற்றம் குறையும்" என்று அடித்து எழுத வேண்டாம். ஊரில் திருவிழா நடந்த அன்றைக்கு மழை பெய்தது என்பதற்காகத் திருவிழாதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாதே.

இன்னொரு பள்ளியின் கதை வேடிக்கையானது. வட கரோலினாவின் லீலண்டில் சார்ட்டர் டே பள்ளி, பெண் பிள்ளைகள் பேண்ட் போடக்கூடாது, பாவாடைதான். ஏன் என்று ஒரு அம்மா கேட்டதற்கு அதை நிறுவியவர் ஆண்மைக் கண்ணியத்தைக் காக்கத்தான் என்றும், பெண் என்பவள் ஆண்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய மென்மையான பாத்திரம் என்றும் விளக்கம் கொடுத்தார். "பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்குமோ. 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் சொன்ன காரணத்தையே எடுத்து வைத்து விதியை அடித்தது, 2023ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. எதிர்த் தரப்பு தன் வாயால் சொன்ன காரணத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பள்ளி டைரியின் முதல் பக்கங்களில் விதிகளுக்குக் கீழே காரணம் ஏதாவது போட்டிருந்தால் உங்கள் மகள் முதலில் அதைப் படிக்கட்டும்.

பிறகு இதைச் செய்யச் சொல்லுங்கள். தலைப்பு பொதுவாக இருந்தாலும் அவள் பள்ளியில் அவளை உறுத்துகிற ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்ளட்டும், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்துவதோ, பி.டி. பீரியட் உள்ள நாளிலும் கறுப்பு ஷூவோ, எதுவோ. விதியை ஆதரிக்க நினைத்தாலும் பரவாயில்லை, கயிறு மாதிரி ஒன்றை எடுத்து ஏன் வேண்டும் என்று எழுதட்டும். ஒரு நாள் காலையிலிருந்து அந்த விதி என்ன செய்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளட்டும், நிமிடம், ரூபாய், யார் மாட்டினார்கள், யார் தப்பித்தார்கள். ஹெச்.எம். இடத்தில் உட்கார்ந்து, மறுப்பதற்கு இருப்பதிலேயே நல்ல காரணம் எது என்று யோசித்து, அதை முதல் பக்கத்திலேயே எழுதிப் பதில் சொல்லட்டும். சுலபமான காரணத்தை எடுத்து அடித்துப்போட்டால் என்னை மாதிரி நடுவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கடைசியில் கேட்பது ஒரு கையெழுத்தில் முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

திரும்ப எழுதியதும் போடுங்கள், படித்துப் பார்க்கிறேன். அந்த நாணயத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.